உமியும் ஆவியும் கணக்குக்கு வரட்டும்

(மயிலாடுதுறையில் நெல் ஆலை உரிமையாளர்களும் ஊழியர்களும் ஐ.டி.ஐ. மாணவர்களும் கூடியிருந்த கூட்டத்தில், ஆற்றல் தணிக்கைப் பணியில் உள்ள ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

நேரில் வந்திருக்கும் உங்களுக்கும், இதைப் பின்னர் கைப்பேசியில் வாசிக்கப்போகும் உங்களுக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

"ஸ்மார்ட் டிஜிட்டல் தொழில்நுட்பமும் நீடித்த உற்பத்தியும்" என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். வாசலில் டீ குடிக்கும்போது ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "என்ன தம்பி, ரோபோ வாங்கச் சொல்லப் போறீங்களா? நம்ம மில்லுல இருக்குற பாய்லருக்கே வயசு ஆயிடுச்சு" என்றார். ஐயா, ரோபோவைப் பத்திப் பேச நான் வரல. அந்தப் பழைய பாய்லரைப் பத்தியும், உங்க ப்ளோயரைப் பத்தியும், டிரையரில் இருந்து இறங்கும் நெல்லோட ஈரத்தைப் பத்தியும்தான் பேசப் போறேன்.

தொழிற்சாலை என்றால் நமக்கெல்லாம் ஓசூரும் ஸ்ரீபெரும்புதூரும்தான் நினைவுக்கு வரும். ஆனால் நெல்லை அரிசியாக்குவதும் உற்பத்தித் தொழில்தான். அதற்கும் எரிபொருள் வேண்டும், மின்சாரம் வேண்டும், தண்ணீர் வேண்டும். அதிலிருந்தும் புகையும் சாம்பலும் கழிவுநீரும் வெளியே வரும். இன்னொரு விஷயம். 2020-ல் கொண்டுவரப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், உலோக உருக்காலைகள், தோல் பதனிடும் ஆலைகள், புதிய எண்ணெய்-எரிவாயுக் கிணறுகள் போன்றவற்றுக்கு டெல்டாவில் இடமில்லை என்று சொல்லிவிட்டது. அப்படியானால் இந்த மண்ணில் தொழில் என்றால் பெரும்பாலும் விளைச்சலைச் சார்ந்த தொழில்தான். அதில் முதலில் நிற்பது நெல் ஆலை. அது நல்லபடியா நடந்தால்தான் நம்ம பிள்ளைகளுக்கு உள்ளூரிலேயே வேலை. அதே ஆலை அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவானால், வயலையும் வாய்க்காலையும் காப்பாத்தணும்னு நாம போட்ட சட்டத்துக்கு அர்த்தமில்லாமல் போயிடும்.

இந்த ஊருக்குத் தொழில்நுட்பம் புதிதா? இல்லை. மயிலாடுதுறை 1991 வரை தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது; அதன்பின் நாகப்பட்டினம் மாவட்டத்தில் சேர்ந்தது; 2020 டிசம்பர் 28 முதல் தனி மாவட்டம். அந்தப் பழைய ஒருங்கிணைந்த தஞ்சை மாவட்டத்தில், திருவாரூரில், 1960-களிலேயே நவீன அரிசி ஆலை வந்துவிட்டது. 1967-ல் அந்த ஆலை வளாகத்தில் தொடங்கிய ஒரு சின்ன ஆய்வகம்தான் பின்னாளில் நெல் பதன ஆராய்ச்சி மையமாக வளர்ந்து, இன்று தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக நிற்கிறது. ஹல்லரில் குத்தி, உமியும் தவிடும் கலந்து, அரிசி பாதி நொய்யாகப் போன காலத்தில், ரப்பர் ரோலரைக் கொண்டுவந்தபோதும் "இதெல்லாம் நமக்கு ஒத்துவருமா" என்றுதான் கேட்டார்கள். இன்று ஹல்லரைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இப்போதும் உங்களில் பலர் ஆலையில் கலர் சார்ட்டர் வைத்திருப்பீர்கள். அது என்ன செய்கிறது? ஓடி வரும் ஒவ்வொரு அரிசியையும் கேமரா படம் பிடிக்கிறது. கறுப்பு, பழுப்பு எது என்று கணினி முடிவு செய்கிறது. கண் இமைக்கும் நேரத்தில் காற்றை அடித்து அந்த ஒரு மணியை மட்டும் தள்ளிவிடுகிறது. இதைவிட ஸ்மார்ட்டான தொழில்நுட்பம் வேறென்ன? அரிசியின் நிறத்தைப் பார்க்க மட்டும் கேமரா வைத்தோம். பாய்லர் புகையையும், டிரையர் ஈரத்தையும், போர் தண்ணியையும் பார்க்க இன்னும் ஒண்ணும் வைக்கல. நான் இன்னிக்குச் சொல்ல வந்தது இவ்வளவுதான்: கண்ணுக்குத் தெரியாமல் போவதை அளந்து பாருங்கள், அளந்ததைப் பார்த்து அன்றைக்கே கை வையுங்கள். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் அது ஸ்மார்ட்.

முதலில் ஈரம்.

புழுங்கல் அரிசிக்கு நெல் ஊறி, வெந்து வரும்போது ஈரம் 35 சதவீதம் வரை இருக்கும். அதை 14 சதவீதத்துக்குக் காய வைக்கிறோம். எப்போது நிறுத்துவது? அனுபவமுள்ளவர் ஒரு கை நெல்லை எடுத்து, உமியை நீக்கி, பல்லில் கடித்துப் பார்த்துச் சொல்வார். அந்த அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு, வெளியே மழை பெய்யும்போது, "கொஞ்சம் கூடவே காயட்டும், பூஞ்சை பிடிச்சா என் தலை உருளும்" என்று அவர் யோசிப்பது இயல்பு. அப்படி 14-ல் நிறுத்த வேண்டியது 12-க்குப் போய்விடும்.

இரண்டு சதவீதம்தானே என்று தோன்றும். கணக்குப் போடுங்கள். 14 சதவீத ஈரமுள்ள ஒரு டன் நெல்லில் 860 கிலோ காய்ந்த பொருள். அதையே 12 சதவீதத்துக்குக் காய வைத்தால் எடை 977 கிலோ. டன்னுக்கு 23 கிலோ காற்றோடு போய்விட்டது. அரிசியாகப் பார்த்தால் சுமார் 15 கிலோ. ஒரு நாளைக்கு 40 டன் அரைக்கும் ஆலையில் அது 600 கிலோ. அந்த 600 கிலோவை இழக்க நாம் கூடுதலாக உமியும் எரித்திருக்கிறோம், ப்ளோயரும் ஓட்டியிருக்கிறோம். போதாக்குறைக்கு, அதிகமாகக் காய்ந்த அரிசி அரவையில் அதிகமாக உடைந்து குருணையாகும். செலவு பண்ணி நஷ்டத்தை வாங்குற வேலை இது.

டிரையரின் வெளிவாயில் ஓர் ஈரப்பத சென்சார், காற்றின் வெப்பத்துக்கு ஒரு சென்சார், இரண்டையும் பார்த்து "இன்னும் அரை மணி நேரத்தில் 14-க்கு வந்துவிடும்" என்று கைப்பேசிக்குத் தகவல் அனுப்பும் ஒரு சின்ன கட்டுப்பாட்டுப் பெட்டி. இவ்வளவுதான் தேவை. ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இது ஈரத்தை விட்டுவைத்து எடை கூட்டும் வழியல்ல. ஈரம் கூடினால் மூட்டையில் அரிசி கெடும், சாப்பிடுகிறவருக்குத் துரோகம். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம் என்பதற்குத்தான் கருவி.

அடுத்து உமியும் ஆவியும்.

ஒரு டன் நெல்லில் ஏறக்குறைய 200 கிலோ உமி கிடைக்கிறது. ஒரு கிலோ உமியில் சுமார் 3,000 கிலோ கலோரி வெப்பம். ஆக டன்னுக்கு 6 லட்சம் கிலோ கலோரி. தேவை எவ்வளவு? 35-லிருந்து 14-க்குக் காய வைக்க டன்னுக்கு 320 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். ஊறல் தண்ணீரைச் சூடாக்குவதையும் சேர்த்தால், காகிதக் கணக்கில் சுமார் இரண்டரை லட்சம் கிலோ கலோரி போதும். பாதிக்கும் குறைவு! அதாவது ஒரு நெல்லை அரிசியாக்கத் தேவையான நெருப்பை அந்த நெல்லே தன் மேல் போர்த்திக்கொண்டு வருகிறது. அதிலும் மிச்சம் வர வேண்டும். ஆனாலும் சில ஆலைகளில் உமி போதாமல் விறகு வாங்குகிறார்கள். அந்த மிச்ச வெப்பம் எங்கே போகிறது?

புகைபோக்கி வழியாகப் போகிறது. மூடாத ஆவிக் குழாய் வழியாகப் போகிறது. பழுதான வால்வு வழியாகப் போகிறது. எரியாத கரியாகச் சாம்பலில் போகிறது. ஆற்றல் தணிக்கையில் நாங்கள் சொல்லும் இரண்டு எளிய விதிகளை எழுதிக்கொள்ளுங்கள். புகைபோக்கியில் போகும் புகையின் வெப்பத்தை 22 டிகிரி குறைத்தால் எரிபொருள் சுமார் 1 சதவீதம் மிச்சம். பாய்லருக்குள் போகும் தண்ணீரின் வெப்பத்தை 6 டிகிரி கூட்டினால் இன்னொரு 1 சதவீதம் மிச்சம். ஆவி குளிர்ந்து வரும் சுடுதண்ணியைத் தரையில் விடாமல் பாய்லர் தொட்டிக்கே திருப்பினால் இரண்டாவது விதி தானாக வேலை செய்யும்.

இதற்கு டிஜிட்டல் எதற்கு? புகைபோக்கியில் ஒரு வெப்ப சென்சாரும் ஆக்சிஜன் அளக்கும் சென்சாரும் இருந்தால், காற்று அதிகமாகப் போகிறதா குறைவாகப் போகிறதா என்று தெரியும். காற்று அதிகமானால் வெப்பத்தை அது அள்ளிக்கொண்டு போய்விடும். குறைந்தால் உமி முழுசாக எரியாமல் கரும்புகை வரும். அந்தக் கரும்புகை, பக்கத்துத் தெருவில் ஒரு அம்மா கொடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியில் போய் உட்காரும். அவர் கலெக்டரிடம் மனு கொடுக்கிறார் என்றால், அது உங்கள் மேல் உள்ள கோபம் மட்டுமல்ல. உங்கள் உமி காசாகாமல் கரியாகப் போகிறது என்ற தகவலும் அதில் இருக்கிறது. அவருக்கு நல்லதும் உங்களுக்கு லாபமும் இங்கே ஒன்றுதான். மிச்சப்படும் உமியைச் செங்கல் சூளைக்கோ வேறு பாய்லருக்கோ விற்கலாம். நன்றாக எரிந்த சாம்பலில் சிலிக்கா அதிகம். அதற்கும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கரி கலந்த சாம்பலைக் கொட்டத்தான் இடம் தேட வேண்டும்.

மூன்றாவது மின்சாரம்.

டிரையர் ப்ளோயரில் காற்றைக் குறைக்க வேண்டுமென்றால் என்ன செய்கிறோம்? டேம்பரைப் பாதி மூடுகிறோம். மோட்டார் அதே வேகத்தில் ஓடுகிறது. பம்புசெட்டை முழுசா ஓடவிட்டு, வாய்க்கால் மடையைப் பாதி அடைச்சு வைக்கிற மாதிரி இது. அதற்குப் பதில் மோட்டார் வேகத்தையே குறைக்கும் கருவி இருக்கிறது, வி.எஃப்.டி. என்பார்கள். காற்றாடிகளுக்கு ஒரு இயற்பியல் விதி உண்டு: வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின் தேவை கிட்டத்தட்ட பாதியாகிவிடும். 20 குதிரைத்திறன் மோட்டார் முழு வேகத்தில் சுமார் 15 யூனிட் இழுக்கிறது என்றால், ஐந்தில் நான்கு பங்கு வேகத்தில் ஏழெட்டு யூனிட்தான். மணிக்கு ஏழு யூனிட் மிச்சம்.

கலர் சார்ட்டருக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரஸரைப் பாருங்கள். குழாயில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இருந்தால் போதும், அதன் வழியே ஒழுகும் அழுத்தக் காற்றை ஈடுகட்ட மட்டும் சுமார் 3 கிலோவாட் போகும். நாளுக்கு 20 மணி நேரம் என்றால் 60 யூனிட். மாதம் 25 நாள் ஓடினால் 1,500 யூனிட். ஒரு வீட்டுக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டை நாம் கணக்குப் பார்க்கிற மாநிலத்தில், ஒரு குண்டூசித் தலை அளவு ஓட்டை மாதம் 1,500 யூனிட்டை ஊதித் தள்ளுது.

ஆலை முழுமைக்கும் ஒரே ஒரு மின்வாரிய மீட்டர்தான் இருக்கிறது. மாதக் கடைசியில் ஒரே தொகையாக பில் வருகிறது. எது எவ்வளவு இழுத்தது என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் மாதச் சம்பளம் முழுக்கச் செலவானது தெரியும், எதுக்குன்னு தெரியாது என்பது போல. டிரையருக்கு ஒன்று, அரவைக்கு ஒன்று, கம்ப்ரஸருக்கு ஒன்று என்று துணை டிஜிட்டல் மீட்டர்களை வைத்து, அவை ஒவ்வொரு பதினைந்து நிமிடத்துக்கும் கணக்கை அனுப்பினால், பில் பேச ஆரம்பிக்கும். உயர் அழுத்த இணைப்பு உள்ளவர்களுக்குக் காலை, மாலை உச்ச நேரத்தில் கட்டணம் கூடுதல். ஊறல் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது போன்ற வேலைகளை அந்த நேரத்திலிருந்து நகர்த்த முடியுமா என்று அப்போதுதான் யோசிக்கவே முடியும்.

நான்காவது தண்ணீர். காவிரி கடலைத் தொடும் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைப் பேசாமல் போக முடியாது.

ஒரு டன் நெல்லை ஊற வைக்க சுமார் 1,200 லிட்டர் தண்ணீர் போகிறது. நெல் குடிப்பது 230 லிட்டர் அளவுக்குத்தான். மீதி ஏறக்குறைய 1,000 லிட்டர் பழுப்பு நிறத்தில், மாவுச்சத்தும் உமிச்சாறும் கலந்து வெளியே வருகிறது. 40 டன் ஆலையில் நாளுக்கு 40,000 லிட்டர். அப்படியே வாய்க்காலில் விட்டால் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும், நாற்றம் எடுக்கும். பழைய முறையில் குளிர்ந்த தண்ணீரில் ஒன்றிரண்டு நாள் ஊறப் போட்டால் நொதித்து, நாற்றம் அரிசி வரைக்கும் ஏறும். 70 டிகிரி அளவில் சூடான தண்ணீரில் ஊற வைத்தால் நாலு மணி நேரத்தில் வேலை முடியும். ஆனால் அந்த 70 டிகிரி நிலையாக இருக்க வேண்டும். அதற்குத் தொட்டிக்கு ஒரு வெப்ப சென்சார் போதும். போர் குழாயில் ஒரு நீரளவி, வெளியேறும் குழாயில் ஒரு நீரளவி. இரண்டையும் தினமும் ஒப்பிட்டால் எங்கே வீணாகிறது என்று தெரியும். எவ்வளவு கழிவுநீர் வருகிறது என்று தெரிந்தால்தான் சரியான அளவில் சுத்திகரிப்புத் தொட்டி கட்ட முடியும், எவ்வளவைத் திரும்பப் பயன்படுத்தலாம் என்றும் தெரியும்.

அளக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாம் வெளிநாடு போக வேண்டாம், திருப்பூர் இருக்கிறது. சாயக்கழிவு நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, பாசனத்துக்குக் கட்டிய அணையே விவசாயிகளுக்குப் பகையானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. நூற்றுக்கணக்கான ஆலைகள் ஒரே நேரத்தில் நின்றன. வேலை செய்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அதன்பின் சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகாத சுத்திகரிப்பு முறைக்கு அந்தத் தொழில் மாறியது. 2014-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள் தங்கள் கழிவையும் புகையையும் இணையவழியாகத் தொடர்ந்து அளந்து காட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. நெல் ஆலை அந்த 17-ல் இல்லை. ஆனாலும் பாடம் நமக்கும்தான். திருப்பூர் பெரிய விலை கொடுத்துக் கற்றதை, நாம கொஞ்ச விலையில, நம்மளா முன்வந்து கத்துக்கலாம்.

இப்போது நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு ஆலைக்கு ஆலோசனை சொன்னேன். எங்கே என்பது வேண்டாம். முப்பதுக்கும் மேற்பட்ட சென்சார்கள், பெரிய திரை, கணினி, எல்லாம் என் யோசனைதான். திறப்பு நாளில் எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டோம். ஆறு மாதம் கழித்துப் போனேன். கணினி மேல் ஒரு துண்டு போர்த்தியிருந்தது, தவிட்டுத் தூசி படக்கூடாது என்று. துண்டை எடுத்துப் பார்த்தால் திரையில் பதினாறு சிவப்பு எச்சரிக்கைகள். எல்லாம் பழையவை. பாய்லர் பார்க்கும் அண்ணனிடம் கேட்டேன். "அது இங்கிலீஷ்ல கத்திக்கிட்டே இருந்துச்சு சார். எது முக்கியம்னு தெரியல. சத்தத்தை நிறுத்திட்டோம்" என்றார்.

தப்பு அவருடையது இல்லை, என்னுடையது. அவரைக் கேட்காமல் திட்டம் போட்டேன். அவருக்குப் புகையின் நிறத்தைப் பார்த்தே நெருப்பின் நிலை தெரியும். என் சென்சார் அவர் அறிவோடு சேர்ந்திருக்க வேண்டும். அவர் தலைக்கு மேல் போயிருக்கக் கூடாது. பிறகு முப்பதை விட்டுவிட்டு நாலே அளவுகளை எடுத்துக்கொண்டோம்: புகையின் வெப்பம், நெல்லின் ஈரம், டன்னுக்கு எத்தனை யூனிட், டன்னுக்கு எத்தனை லிட்டர். எல்லாம் தமிழில். ஷிப்ட் முடியும்போது அவரே ஒரு பலகையில் சாக்பீஸால் எழுதுவார். நேற்றையதைவிட கூடினால் ஏன் என்று ஐந்து நிமிடம் பேசுவார்கள். துண்டு போர்த்திய கணினி செய்யாததை அந்தச் சாக்பீஸ் செய்தது.

அதனால் என் ஆலோசனை இதுதான். முதல் மாதம் துணை மீட்டர்கள் மட்டும். இரண்டாவது மாதம் ஓட்டை அடைப்பது, குழாய்க்கு உறை போடுவது போன்ற செலவு குறைந்த வேலைகள். அதில் வந்த மிச்சத்தில் ஈரப்பத சென்சார். அதன்பிறகு வி.எஃப்.டி. கடைசியில்தான் பெரிய திரை, அதுவும் தேவைப்பட்டால். கருவி விற்பவர் வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். தவிட்டுத் தூசியிலும் ஆவியிலும் இது எத்தனை நாள் தாங்கும்? பழுதானால் யார், எத்தனை நாளில் வருவார்? என் ஆலையின் கணக்கு யாரிடம் இருக்கும், நான் கேட்டால் முழுசாகக் கிடைக்குமா? மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

"சென்சார் வந்தா எங்க வேலை போயிடுமா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. நான் சொன்ன எதுவும் ஆளைக் குறைப்பதற்கானது அல்ல; உமியையும் மின்சாரத்தையும் தண்ணீரையும் குறைப்பதற்கானது. ஆனால் வேலையின் தன்மை மாறும். சென்சாரைத் துடைக்க, அளவு சரியா என்று சோதிக்க, கேபிளை மாற்ற ஆள் வேண்டும். அந்த ஆள் சென்னையிலிருந்து வந்தால் உங்களுக்கு ஒரு நாள் ஆலை நிற்கும். உள்ளூர் ஐ.டி.ஐ. படித்த பிள்ளை வந்தால் ஒரு மணி நேரம். மாநிலத்தில் 71 அரசு ஐ.டி.ஐ.களைத் தொழில் 4.0 மையங்களாகத் தரம் உயர்த்தியிருக்கிறார்கள். தம்பி, அந்தப் படிப்பை விசாரியுங்கள். முதலாளிமாரே, மிச்சமாகும் பணத்தில் ஒரு பங்கைப் பாய்லர் அண்ணனுக்கு ஊக்கத்தொகையாகக் கொடுங்கள். அப்புறம் பாருங்க, மீட்டரை அவர்தான் முதலில் பார்ப்பார்.

விவசாயிக்கும் இதில் பங்கு உண்டு. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பொதுவாக 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் மத்திய அரசு சில பருவங்களில் தளர்வு கொடுத்திருக்கிறது. அந்த ஒரு எண்ணுக்காகக் களத்தில் நெல்லைக் கொட்டிவைத்து ராத்திரி முழுக்கக் காவல் காக்கிறவர்களை இங்கே எல்லாருக்கும் தெரியும். தனியாருக்கு விற்கும்போதும் "ஈரம் அதிகம்" என்ற ஒரு வார்த்தையில் விலை இறங்குகிறது. உங்கள் ஆலை வாசலில் சரிபார்க்கப்பட்ட ஈரப்பதமானியை வைத்து, விவசாயியின் கண்முன்னே அளந்து, எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். அடுத்த பருவத்தில் அவர் உங்களைத் தேடி வருவார். நியாயமா அளக்குறதும் நீடித்த தொழில்தான்.

சரி, பணத்துக்கும் வழிகாட்டலுக்கும் எங்கே போவது?

முதலில் உத்யம் பதிவு. இணையத்தில் நீங்களே செய்யலாம், கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பல திட்டங்களுக்கு இதுதான் முதல் படி.

இரண்டாவது, மாவட்டத் தொழில் மையம். தமிழ்நாடு அரசின் 'பீஸ்' திட்டத்தில் குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கு ஆற்றல் தணிக்கைச் செலவிலும், தணிக்கை பரிந்துரைக்கும் கருவிகளின் செலவிலும் ஒரு பகுதி மானியமாகக் கிடைக்கும். இப்போதைய விகிதத்தையும் உச்சவரம்பையும் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கருவி வாங்கிய பிறகு போகாமல், வாங்குவதற்கு முன்பே போய்க் கேளுங்கள்.

மூன்றாவது, மத்திய அரசின் ஆற்றல் திறன் அமைப்பு 2025 ஜூலையில் தொடங்கிய 'அடீட்டி' திட்டம். ஆற்றல் சேமிக்கும் கருவிகளுக்கான கடனில் குறு, சிறு நிறுவனங்களுக்கு 5 சதவீதமும், நடுத்தர நிறுவனங்களுக்கு 3 சதவீதமும் வட்டிச் சலுகை. உணவு பதப்படுத்தலும் அதன் பட்டியலில் உண்டு. உங்கள் ஊர் ஆலைக்குப் பொருந்துமா என்று விண்ணப்பிக்கும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள்.

நான்காவது, 'செட்' சான்றிதழ். குறையற்ற பொருள், மாசற்ற உற்பத்தி என்பது அதன் பொருள். வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று படி. சான்றிதழ் கட்டணத்தில் குறு நிறுவனத்துக்கு 80 சதவீதம், சிறு நிறுவனத்துக்கு 60 சதவீதம் மானியம் என்று 2022-ல் அறிவித்தார்கள்.

தொழில்நுட்பச் சந்தேகங்களுக்குத் தஞ்சாவூர் நிஃப்டெம் பக்கத்திலேயே இருக்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையை இணையத்தில் புதுப்பிக்கும்போது, உங்கள் நீரளவிக் கணக்கும் கையில் இருந்தால் கேட்கும் விவரங்களுக்கு உத்தேசமாக எழுதத் தேவையிருக்காது.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். இதற்குக் காசும் வேண்டாம், திட்டமும் வேண்டாம். ஆலை ஓடாத ஒரு நாளில், எல்லா மோட்டாரையும் நிறுத்திவிட்டு, கம்ப்ரஸரை மட்டும் காற்று நிரம்பும்வரை ஓட்டி, அதையும் நிறுத்துங்கள். ஆலைக்குள் ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். எங்கிருந்தாவது "உஸ்" என்று சத்தம் கேட்கிறதா? கேட்கும் இடத்தில் சுண்ணாம்பால் ஒரு குறி போடுங்கள். அப்படியே வெளியே வந்து மின்வாரிய மீட்டரைப் பாருங்கள். எதுவும் ஓடாதபோதும் எண் நகர்கிறதா? எவ்வளவு என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்.

அதுதான் உங்கள் ஆலையின் முதல் தரவு. அந்த நோட்டோடு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். வெறும் கையோடு போகிறவரைவிட உங்களுக்கு அங்கே பேச நிறைய இருக்கும்.